ஸாவியாவின் பால்டின்

தைப்பிங் பேருந்து நிலையத்தின் புகார் சன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவள் ஸாவியா. பஸ் வரவில்லை, பெட்டி வரவில்லை, ஓட்டுநர் முறைத்தார், ஏர்கான் தண்ணீர் மடியிலேயே சொட்டியது என்று வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கண்ணாடி ஓட்டைக்குள் வாயை வைத்துக் கத்துவார்கள். அவள் கேட்பது ஒன்றே ஒன்று. "டிக்கெட் இருக்கா? காட்டுங்க." டிக்கெட்டைத் தேடிப் பையைக் கிளறுவதற்குள் பாதிப் பேருக்குக் கோபம் இறங்கிவிடும். மீதிப் பேருக்கு உண்மையிலேயே ஏதாவது தப்பு நடந்திருக்கும்.

வேலையை விட்ட பிறகு அவள் சமையல் வலைப்பூ ஒன்று தொடங்கினாள். 'காக் வியா அடுப்படி' என்று பெயர். எங்கள் தெருவில் சின்னவர்கள் எல்லாருக்கும் அவள் காக் வியாதான், வியா அக்கா. பக்கத்து வீட்டில் பதினாறு வருடமாகக் குடியிருக்கிற எனக்கு, அவள் எழுதுவதற்கு முன்பே தட்டு வேலிக்கு மேல் வந்துவிடும். ருசி பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் அடுத்த தட்டு வராது.

போன வருடம் எழுத்தோடு ஒரு வியாபாரமும் சேர்ந்தது. செரி மூக்கா செய்வதற்கான மாவுப் பாக்கெட். அடியில் அவித்த பசையரிசி, மேலே ரம்பை இலை மணக்கும் பச்சைப் பாலாடை, இரண்டையும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் குவே, மலாய்ப் பலகாரம் அது. அந்தப் பச்சை மேல்பாகத்துக்குத்தான் மாவு. மூன்று முட்டை, ஒரு பால்டின் தேங்காய்ப்பால், கலக்கி ஊற்றினால் முடிந்தது. வலைப்பூவில் விற்றது போக, ஊர்க் கூட்டுறவுக் கடையிலும் வைக்கக் கேட்டிருந்தாள். மேலாளர் என்சிக் பஹ்ரின், அதாவது பஹ்ரின் ஐயா, இரண்டு பாக்கெட் மாதிரி வாங்கிப் போயிருந்தார். வியாழக்கிழமை வந்து பதில் சொல்வதாக ஏற்பாடு. அலமாரியில் தன் பெயர் போட்ட பாக்கெட் நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் நினைவாக இருந்தது.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் மூவாரிலிருந்து லேலா என்ற பெண்மணியின் பின்னூட்டம் வந்தது.

"மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி தட்டைத் திருப்பினேன். குவே வரல, குளம் வந்துச்சு. வாத்து இருந்தா நீந்த விட்டிருக்கலாம். மூணு பாக்கெட் வாங்கினேன், மூணும் இதே லட்சணம்."

கீழே படம். பச்சைக் குளம்தான், சந்தேகமில்லை. அதற்குக் கீழே 'எங்க வீட்லயும்' என்று வரிசையாக ஒரு பத்துப் பதினைந்து பேர். நடுநடுவே 'எங்களுக்கு அருமையா வந்துச்சே' என்றும் சிலர்.

ஸாவியாவின் கொழுந்தன் மனைவி ஹஸ்னிடாதான் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்பவள். ஸாவியா அவளுக்குக் காக் லோங், மூத்த அக்கா. இடுப்பில் குழந்தையும் கையில் மடிக்கணினியுமாக ஓடி வந்தாள்.

"காக் லோங், இதை அழிச்சிடுறேன். இல்லாட்டி நான் ஒரு பதில் போடுறேன் பாருங்க. 'குளம் உங்க கையில இருக்கு, எங்க மாவுல இல்ல'ன்னு."

"போடு போடு. அப்புறம் வியாழக்கிழமை அந்த மனுஷன் வந்து நம்ம லட்சணத்தைப் பாக்கட்டும்" என்றாள் ஸாவியா. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள். அவள் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. மீன் தூண்டிலைக் கடித்தவுடன் ஆட்களுக்கு ஒரு முகம் வருமே, அதுதான் இருந்தது. "பாதிப் பேருக்கு வருது, பாதிப் பேருக்கு வரல. அப்ப பொய் சொல்றது யாரு? யாருமில்ல. என்னமோ இருக்குலா இதுல!"

அவள் போட்ட பதில் இவ்வளவுதான்: "லேலா, சபையில அப்படி ஆனதுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. எதை எதை வச்சுச் செஞ்சீங்களோ, எல்லாத்தையும் மேசையில பரப்பி ஒரு படம் அனுப்புங்க. நல்லா வந்தவங்களும் அனுப்புங்க."

"இங்கேயும் டிக்கெட் கேக்குறீங்களா?" என்றேன். சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் படங்கள் கொட்டின. சித்தியவானிலிருந்து, குவாந்தானிலிருந்து, கிளந்தானில் ஏதோ ஒரு மூலையிலிருந்து. மூன்று பேரும் அவள் சாப்பாட்டு மேசையில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். முட்டை எல்லாருக்கும் மூன்று. ஆவிச்சட்டி எல்லாம் ஒரே மாதிரி. தேங்காய்ப்பால் சிலரிடம் பெட்டி, சிலரிடம் சந்தையில் பிழிந்தது. இரண்டிலும் குளமும் இருந்தது, குவேயும் இருந்தது.

"முட்டை சின்னதா இருக்கும் காக் லோங்."

"மூவார் கோழி மட்டும் சின்னதாவா போடும்? சும்மா இரு." திடீரென்று ஸாவியா திரையில் விரலை வைத்தாள். "இந்த டின் ஏன் இவ்ளோ உசரம்?"

பால்டின் என்பது இங்கே எல்லார் வீட்டிலும் அரிசித் தொட்டிக்குள் கிடப்பது. கெட்டிப்பால் தீர்ந்ததும் கழுவி உள்ளே போட்டால் அதுதான் படி. சோற்றுக்கும் அதே அளவு, மாவுக்கும் அதே அளவு. அளவுக்கோப்பை வாங்கிய வீட்டை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. ஸாவியா எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். அவளுடைய டின் குட்டையாக இருந்தது. தாள் எல்லாம் போய்ப் பளபளவென்று இருந்தது; கல்யாணமான வாரம் அவள் கணவர் மொக்தார் சுத்தியலால் விளிம்பைத் தட்டிக் கொடுத்ததாம். முப்பத்தொரு வருடமாக அதில்தான் அளந்திருக்கிறாள்.

"நீ உன்னோடதைக் கொண்டா!" என்று என்னை விரட்டினாள். நான் வேலியைச் சுற்றாமல் அதன் மேலேயே தாண்டிப் போய் என் டின்னை எடுத்து வந்தேன். என்னுடையது உயரம். இப்போது கடையில் விற்பது அதுதான்.

என் டின் நிறையத் தண்ணீர் பிடித்து அவளுடையதில் ஊற்றினாள். நிறைந்தது. இன்னும் ஊற்றினாள். வழிந்து மேசை, விரிப்பு, ஹஸ்னிடாவின் மடி எல்லாம் ஓடியது.

"யா அல்லாஹ், கணினி!" என்று ஹஸ்னிடா அதைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"எவ்ளோ கூடுது? எவ்ளோ கூடுது?" ஸாவியா சுற்றிலும் பார்த்தாள். மில்லி அளவு போட்ட பொருள் அந்த வீட்டிலேயே ஒன்றுதான் இருந்தது. குழந்தையின் வாயிலிருந்து பால்புட்டியைப் பிடுங்கினாள். குழந்தை வீலென்று கத்த, நாங்கள் மூவரும் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துக் கோடு கோடாக எண்ணினோம். அவள் டின் முந்நூறு மில்லி. என்னுடையது முந்நூற்று எண்பது.

"எண்பது மில்லி! அப்புறம் எப்படி நிக்கும்?" ஸாவியா கைகொட்டினாள். படங்களை மறுபடி ஓட்டினோம். குளம் வந்தவர்கள் அத்தனை பேரும் உயர டின். குவே வந்தவர்கள் எல்லாம் குட்டை டின். ஒரே ஒருத்தி மட்டும் உயர டின் வைத்தும் தப்பித்திருந்தாள். அவள் போட்டது வாத்து முட்டை.

அதோடு மகிழ்ச்சி முடிந்தது. தப்பு யாருடையது என்று இப்போது தெரிந்துவிட்டதே. அந்த நேரம் பார்த்து மொக்தார் உள்ளே வந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

"வியாழக்கிழமை ஆள் வர்றாரு. வெள்ளிக்கிழமை எழுதேன். மூணு நாள்ல உலகம் மூழ்கிடாது."

"நானும் அதைத்தான் சொல்றேன் அபாங்" என்று அண்ணன் முறைக்காரருக்கு ஒத்துப் பாடினாள் ஹஸ்னிடா, குழந்தையைத் தட்டிக்கொண்டே.

ஸாவியா டின்னைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் துடைத்தாள். அலமாரியில் தன் பெயரைக் கற்பனை செய்து பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"நாளைக்கும் எவளாவது நாலு பேர் முன்னாடி தட்டைத் திருப்புவா, பாங்" என்று கணவரிடம் சொன்னாள் கடைசியில்.

அன்று சாயங்காலமே எழுதினாள். இரண்டு டின்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய படம். "தப்பு உங்க கையில இல்ல, என் டின்ல. முந்நூறு மில்லின்னு நான் எழுதியிருக்கணும். அளவுக்கோப்பை இல்லாதவங்க குழந்தையோட பால்புட்டியில அளங்க. குழந்தை தூங்குறப்போ எடுங்க."

லேலாவின் பதில் உடனே வந்தது. "நாளைக்கு அளந்து செய்வேன். வராட்டி திரும்ப வந்து எழுதுவேன்."

"கண்டிப்பா எழுதுங்க" என்று போட்டாள் ஸாவியா.

புதன்கிழமை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அரிசி ஊறியிருக்கும்ல? இப்ப ஊத்தியிருப்பா. இப்ப ஆவி வந்திருக்கும்" என்று மூவாரில் நடக்கும் சமையலைத் தைப்பிங்கில் நின்று நடத்தினாள். மாலை நான்கு மணிக்குப் படம் வந்தது. கத்தியால் வெட்டிய துண்டு, பச்சை மேல்பாகம் சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. ஹஸ்னிடா போட்ட கூச்சலில் எதிர்வீட்டுப் பூனை ஓடியது.

லேலா எழுதியிருந்தாள்: "நிக்குது. ஆனா என்ன பண்றது, சம்பந்திக்காரங்க சாப்பிட்டது குளத்தைத்தானே."

ஸாவியாவின் சிரிப்பு அங்கே நின்றது. "அவங்க அடுத்து எப்ப வர்றாங்கன்னு சொல்லுங்க. பாக்கெட் என் செலவு" என்று எழுதினாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு என்சிக் பஹ்ரின் வந்தார். ஸாவியா தேநீர் வைத்தாள். அவர் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"என்சிக், அந்த மாவுல ஒரு தப்பு..."

"தெரியும் காக். எங்க வீட்லயும் குளம்தான்" என்றார் அவர். "மாதிரியைத் திருப்பிக் கொடுத்து, வேணாம்னு சொல்லத்தான் இன்னைக்கு வர இருந்தேன். நீங்க எழுதினதை நேத்து பாத்துட்டு என் மனைவி ரெண்டாவது பாக்கெட்டை அளந்து செஞ்சா. காலையில நாலு துண்டு சாப்பிட்டுட்டுத்தான் வர்றேன். முப்பது பாக்கெட் கொடுங்க, ஆனா மில்லி எழுதாம ஒண்ணுகூடக் கடைக்கு வரக்கூடாது."

ஹஸ்னிடா கதவுக்குப் பின்னால் குதித்தது எங்களுக்குக் கேட்டது.

"போன வாரம் முதல் தடவை கெட்டப்போ அவ உங்களை நல்லா திட்டிப் பின்னூட்டம் எழுதி வச்சிருந்தா" என்றார் பஹ்ரின், தேநீரை ஆற்றிக்கொண்டே. "தெரிஞ்சவங்களாச்சே, மரியாதையா இருக்காதுன்னு நான்தான் அழிக்கச் சொன்னேன்."

"ஏன் அழிக்கச் சொன்னீங்க?" ஸாவியா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "போன வாரமே தெரிஞ்சிருக்குமே எனக்கு! லேலா சபையில தப்பிச்சிருப்பாளே! உங்க மனைவிக்குப் போன் போடுங்க. எந்த டின்னுன்னு கேளுங்க. உசரமா, குட்டையா?"

அவர் திகைத்துப்போய்ப் போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து பெண் குரல் சாவகாசமாக வந்தது.

"டின்னா? டின்னெல்லாம் யாருங்க வச்சிருக்கா? முதல் தடவை காப்பிக் கோப்பையில ஊத்தினேன்."

அதையும் குறித்துக்கொள்ள ஸாவியா பேனாவைத் தேடத் தொடங்கினாள்.