நாங்கள் ஓட்டுப் போடாத உறுப்பினர்

பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தாம்பரத்தில் ஒரு எம்.பி.யின் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் மாநிலங்களவை உறுப்பினர். வருகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. போர்டில் எம்.பி. என்று இருந்தால் போதும், "உங்களுக்குத்தான் சார் ஓட்டுப் போட்டோம்" என்று ஆரம்பிப்பார்கள். தெருவிளக்கு, பட்டா, காலேஜ் சீட்டு எல்லாம் வரும். தெருவிளக்குக்குக் கவுன்சிலர், பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸ் என்று பிரித்து அனுப்புவதே என் பாதி வேலை. ஓட்டு விஷயத்தை மட்டும் நான் திருத்தியதில்லை. சொல்லச் சங்கடமாக இருக்கும்.

ஒரு நாள் காலை கேளம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். அங்கே டிபன் கடை நடத்துகிறவர்.

"என் தம்பி வளைகுடாவுல லாரி ஓட்டப் போனான் சார். ஆக்சிடென்ட் ஆயிட்ச்சி. எட்டு மாசமா ஜெயில்ல கீறான். கேஸு இன்னான்னே யாரும் சொல்ல மாட்றாங்க."

அவருடைய தொகுதி எம்.பி. ஏற்கெனவே வெளியுறவு அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். பதில் வரவில்லை. அந்தக் கடிதத்தின் நகலை இந்தப் பெண் பாலிதீன் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"நீங்களும் எழுதுங்க சார். உங்களுக்கும்தான் ஓட்டுப் போட்டோம்."

அன்று ஏனோ உண்மையைச் சொல்லிவிட்டேன். "இல்லம்மா. மக்களவைக்குத்தான் நீங்க நேரா ஓட்டுப் போடறீங்க. எங்க சாரை எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டு அனுப்பினாங்க. இவருக்குன்னு தொகுதி கிடையாது."

அவர் கவரை மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப எங்களுக்காக இவரு எதுக்குப் பேசணும்?"

இத்தனை வருடம் எட்டாம் வகுப்பில் இரண்டு அவைகளையும் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளைகூட இதைக் கேட்டதில்லை. "அந்த எம்.எல்.ஏ.க்கள் உங்க ஓட்டுல வந்தவங்கதானே? இவரு மொத்த மாநிலத்துக்கும் உறுப்பினர்" என்றேன். சொல்லும்போதே அது பாடப்புத்தகப் பதிலாகத்தான் எனக்குப் பட்டது. அவர் தலையாட்டிவிட்டு, "அப்ப எழுதுங்க" என்றார்.

கடிதம் போனது. அடுத்த கூட்டத்தொடருக்கு ஒரு கேள்வியும் தயார் செய்தேன். தம்பி இருந்த நாட்டின் சிறைகளில் இந்தியர் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன சட்ட உதவி தரப்படுகிறது என்று கேட்டிருந்தேன். எங்கள் உறுப்பினர் படித்துப் பார்த்து, ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டார். கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில், அவையில் வாயால் பதில் சொல்லும் பட்டியலில் அது விழவில்லை. எழுத்தில் பதில் வந்தது.

அந்தப் பெண்ணை வரச் சொல்லி, தாளைத் தமிழில் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

"இதுல என் தம்பி எங்க சார் கீறான்?"

பேர் எதுவும் அதில் இல்லை. எண்ணிக்கை இருந்த இடத்தில் விரலை வைத்து, "இதுல ஒருத்தர்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் அழவில்லை. ஒரு ஜெராக்ஸ் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து போன் செய்தார். தூதரகத்திலிருந்து ஒருவர் சிறைக்குப் போய், தம்பியைப் பேர் சொல்லி விசாரித்திருக்கிறார். மழைக்காலம் முடியும்போது தம்பி ஊர் வந்து சேர்ந்தார். எந்தக் கடிதத்தால் நடந்தது, கேள்வியாலா, அல்லது வழக்கே அதன் போக்கில் முடிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தம்பியை அழைத்துக்கொண்டு அக்கா ஆபீசுக்கு வந்தார். மனுஷன் ரொம்ப இளைத்திருந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"ஜெயில்ல என் ரூம்ல இன்னும் நாலு பேரு கீறாங்க சார். அவங்களுக்கும் எழுதணும்" என்றார் தம்பி.

"எந்த ஊரு?"

"ரெண்டு பேரு பீகாரு. ஒருத்தரு கேரளா. ஒருத்தருதான் நம்ம ஆளு, கடலூரு."

மூன்று பேர் வேறு மாநிலத்துக்காரர்கள். எங்கள் உறுப்பினருக்கும் அவர்களுக்கும், எம்.எல்.ஏ.க்கள் வழியாகக்கூட ஓட்டுச் சம்பந்தம் கிடையாது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, நான்கு பேரின் பேரையும் அப்பா பேரையும் கேட்டு எழுதத் தொடங்கினேன்.