கப்பலக்காவின் பத்து நாள் லீவு

பின்னாலிருந்து கூப்பிட்டால் கப்பலக்கா சட்டென்று திரும்பமாட்டாள். முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு தோள், கடைசியாக முகம் என்று மொத்த உடம்பும் துறைமுகத்துக்குள் நுழைவதுபோல் வளைந்து வந்து நிற்கும். அதற்குள் கூப்பிட்டவருக்கே விஷயம் மறந்துபோயிருக்கும். பெயர் வந்தது அப்படித்தான். “படகுன்னு வெச்சிருந்தாத்தான் கோவம் வந்திருக்கும்” என்பாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. நனைந்த படுக்கை விரிப்புகளை இயந்திரத்தின் வயிற்றிலிருந்து குனிந்து பிடுங்கி, இடுப்பை முறுக்கித் தள்ளுவண்டியில் போட வேண்டும். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும். “மலைப்பாம்புக்குப் பிரசவம் பாக்கறேன்” என்பாள். அண்ணாந்து குடிக்க முடியாததால் தண்ணீரோ டீயோ, ஸ்ட்ரா போட்டுத்தான் உறிஞ்சுவாள்.

கழுத்து வலி இடது விரல்வரை இறங்கி, ஒருநாள் விரிப்பு கையிலிருந்து நழுவியபோதுதான் டாக்டரிடம் போனாள். அவர் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசர் அந்தச் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலன்னு இருக்கே?”

“உங்க மூளையும்தான் எக்ஸ்ரேல தெரியாது சார். அதுக்காக இல்லன்னு நான் சொன்னேனா?”

லீவு கிடைத்தது.

முதல் நாள், “வீட்லதானே இருக்கே, அப்படியே பரணையும் ஒழிச்சுடேன்” என்றார் கணவர். இரண்டாம் நாள் மாமியார் எல்லா ஜன்னல் திரைகளையும் கழற்றித் துவைக்கப் போட்டார். மூன்றாம் நாள் நாத்தனார் குழந்தைகளைக் கொண்டுவந்து இறக்கினாள். நான்காம் நாள் காலை அக்கா சலவைக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“லீவுல இருக்கறவங்களுக்கு இங்க என்ன வேலை?” என்றார் சூப்பர்வைசர்.

“ஓய்வெடுக்க வந்தேன் சார். வீட்ல வேலை ஜாஸ்தி.”

சிரித்துக்கொண்டு சொன்னாளே தவிர, உள்ளே பயம். அன்று காலை இடது கை ரவிக்கைக் கொக்கியைப் போட மறுத்திருந்தது. லீவு முடிந்து மறுபடி அதே விரிப்பை இழுத்தால் இந்தக் கை தேறுமா?

“ஒரே ஒரு லோடு நீங்க இழுங்க சார். வலிக்கலன்னா லீவைக் கிழிச்சுப் போட்டுட்டு நாளைக்கே வேலைக்கு வர்றேன்.”

சலவைக்கூடமே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. சூப்பர்வைசர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். முதல் விரிப்பு வந்தது. இரண்டாவது, முனகலோடு வந்தது. மூன்றாவதில் கழுத்துக்குள் ஏதோ ‘மளுக்’கென்றது. நிமிர்ந்தபோது முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அப்படியே ஜன்னலைப் பார்த்தபடி, “நீங்க வீட்டுக்குப் போங்க” என்றார். மறுநாள் அவரும் லீவு.

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. தங்கை வீட்டுக்குப் போய் மிச்ச லீவு முழுக்கப் படுத்துக்கொண்டாள். இப்போது விரல்கள் கொக்கி போடுகின்றன. கழுத்துதான் இன்னும் வழிக்கு வரவில்லை.

சலவைக்கூடத்தில் இப்போதெல்லாம் ஒரு லோடுக்கு இரண்டு பேர். தள்ளுவண்டியும் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. “இது நான் ரொம்ப நாளா யோசிச்சு வெச்சிருந்த திட்டம்” என்று மாதாந்தரக் கூட்டத்தில் சூப்பர்வைசர் அறிவித்தார்.

முதல் ஆளாகக் கைதட்டியவள் அக்காதான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும், அவர் உட்காரும்வரை தட்டிக்கொண்டே இருந்தாள்.