உஷ் அக்காவும் சிரிப்புப் பேயும்

அந்த நூலகத்தில் அவளுக்கு ‘உஷ் அக்கா’ என்று பெயர். வாசிப்புக் கூடத்தில் யாராவது வாயைத் திறந்தால் விரலை உதட்டில் வைத்து ‘உஷ்’ என்பது அவள் வேலை. நாற்காலியை இழுத்தாலும் உஷ், கொட்டாவி விட்டாலும் உஷ். ஆனால் ஆண்டவன் அவளைப் படைக்கும்போது கை தவறி ஏகப்பட்ட சிரிப்பை அள்ளிப் போட்டுவிட்டான். ஆரம்பித்தால் கண்ணில் தண்ணீர் வந்து, மூச்சு வாங்கி, கடைசியில் ஒரு கீச்சுக் குரலில் போய் முடிகிற சிரிப்பு.

வீட்டிலும் அதற்கு இடமில்லை. கணவன் ரொட்டி அடுமனையில் இரவு வேலைக்காரன். சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது நல்ல தூக்கத்தில் இருப்பான். பாவம், விடிய விடிய அடுப்பு முன்னால் வேகிற மனுஷன் என்று, பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல்தான் இறக்கி வைப்பாள்.

மிச்சம் இருந்தது நூலகத்தின் கீழறை. கிழிந்த புத்தகங்கள் கிடக்கிற இடம். துப்பறியும் நாவல்களின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் யார் என்று பென்சிலால் எழுதி வைக்கிற ஒரு புண்ணியவான் அந்த ஊரில் இருந்தார். அதை அழிப்பதும் அவள் பொறுப்பு. ஒன்றில் ‘தோட்டக்காரன்’ என்று எழுதி, அடித்து, ‘மன்னிக்கவும், அவனையும் கொன்றுவிட்டார்கள்’ என்றிருந்தது. அவ்வளவுதான். வாயைப் பொத்திக்கொண்டு கீழே ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

கீழறையின் காற்றுக் குழாய் சுவருக்குள்ளேயே ஏறி, வாசிப்புக் கூடத்துச் செய்தித்தாள் மேசைக்குப் பின்னால் திறக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், சுவர் சிரிக்கிறது என்பதுதான்.

ஊர் சும்மா இருக்குமா? இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வராத ஏக்கத்தில் செத்துப்போன ஒரு பெண்ணின் ஆவி அது என்றார், செய்தித்தாள் மேசையைப் பட்டா போட்டுக்கொண்ட ஓய்வுபெற்ற தபால்காரர். ஏக்கத்தில் செத்தவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று யாரோ கேட்டார்கள்.

“புத்தகம் கிடைச்சிருக்கும்” என்று முடித்துவிட்டார்.

இதில் கூத்து என்னவென்றால், அந்தப் பேய்க்கு எல்லாரையும்விட அதிகமாக நடுங்கியவள் உஷ் அக்காதான். அவள் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. ஆகவே யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

தலைமை நூலகர்தான் துப்புக் கண்டுபிடித்தார். “அக்கா, நீங்க கீழ போனாதான் அது சிரிக்குது. நீங்க மேல இருந்தா உங்க உஷ்ஷுக்குப் பயந்து அடங்கிக் கிடக்குது. திங்கக்கிழமையிலேருந்து நீங்க இந்தக் கூடத்தை விட்டு நகரக் கூடாது. கீழறைச் சாவிய என்கிட்ட குடுத்துடுங்க.”

சனிக்கிழமை தருவதாகச் சொல்லிவைத்தாள். இனி எங்கே போய்ச் சிரிப்பது?

சனிக்கிழமை மதியம், சாவியைக் கொடுக்குமுன் கடைசியாகக் கீழே போனாள். அழத்தான் போனாள். கையில் எடுத்த நாவலின் முதல் பக்கத்தில், ‘இதில் யாரென்று சொல்ல மாட்டேன். நீங்களும் கஷ்டப்படுங்கள்’ என்று பென்சில் எழுத்து.

அதே நேரம் மேலே அவள் கணவன் வந்து உட்கார்ந்திருந்தான். பேய்க் கதை ரொட்டி வண்டியோடு அடுமனை வரை போயிருந்தது. பெண்டாட்டி அந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கிறாளே என்ற கவலை. சுவர் சிரித்ததும் தபால்காரர் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். அடுமனைக்காரன் மட்டும் எழுந்து, படி எங்கே என்று கேட்டுக்கொண்டு கீழே இறங்கினான்.

“பேய் நீதானா?”

அவளுக்கு விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் முகம் வெளிறிவிட்டது. “மேல கேக்குதா? வேலை போயிடுமா?”

அவன் செய்தித்தாள் கட்டின்மேல் உட்கார்ந்தான். “பஸ் ஸ்டாப்புல இந்தச் சிரிப்பக் கேட்டுத்தான் உன் பக்கம் திரும்பினேன். கல்யாணத்துக்கப்புறம் காணோம். என்கிட்ட வந்ததுல உனக்குச் சிரிப்பே போயிடுச்சுன்னு நினைச்சு, கேக்கவும் பயந்துட்டு இருந்தேன்.”

“நீங்க தூங்குவீங்களேன்னுதான்...”

“தூங்கறதுக்கா உன்னக் கட்டிக்கிட்டேன்?”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவனும் சேர்ந்துகொண்டான். மேலே, பேய்க்கு மாப்பிள்ளை கிடைத்துவிட்டதாகத் தபால்காரர் அறிவித்தார்.

திங்கட்கிழமை முதல் சுவர் அடங்கிவிட்டது. உஷ் அக்காவுக்குப் பயந்து பேய் ஓடிவிட்டதாக ஊர் இன்றும் சொல்கிறது. அடுமனைக்காரனோ, அவள் வீடு திரும்பும் நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். அன்றைய சிரிப்பைக் கேட்ட பிறகுதான் மறுபடி படுக்கிறான்.