பெரிய மாமாவைத் தொலைக்காட்சியில் பார்த்த நாள்

ஜெர்மனியில், எசன் நகரத்தில் நாங்கள் இருந்த வீட்டில், மாதா சொரூபத்துக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய மாமாவின் படம் தொங்கியது. கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பக்கமாக ஒதுக்கி வாரிய அடர்ந்த தலைமுடி, கோட்டு, கழுத்துப்பட்டி, பல் தெரியாத சிறு சிரிப்பு. அவர் அம்மாவின் தமையன். மன்னாரில் ஒருநாள் காலையில் சைக்கிளில் வெளியே போனவர் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. செத்துப்போனார் என்று வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். "எங்கையோ இருக்கிறார்" என்பார் அம்மா. எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருமே எங்கேயோதான் இருந்தார்கள், ஒருவர் பாரிசில், இன்னொருவர் டொரொண்டோவில். ஆகவே எனக்கு அதில் சந்தேகம் எதுவும் எழவில்லை.

சந்தேகமெல்லாம் படத்தைப் பற்றித்தான். மாமா ஏன் இவ்வளவு வெள்ளை என்று கேட்டேன். படம் எடுக்கும்போது வெளிச்சம் கூடிப்போனது என்றார் அம்மா. அப்பா அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடமாட்டார். கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், "அவரை உத்துப் பாக்காதை பிள்ளை" என்பார்.

"ஏனப்பா?"

"அவர் திருப்பிப் பாப்பார்."

பகிடிக்குத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்த வேளைகளில் அம்மா அந்தப் படத்தோடு பேசுவார். "அண்ணை, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருப்பார். பிறகு "ம்ம்" என்பார். நான் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்று அந்தப் பதிலைக் கேட்க முயன்றிருக்கிறேன். அம்மாவுக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை.

எனக்கு எட்டு வயது. அம்மா ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்தார். அவர் வரத் தாமதமாகும் நாட்களில் நான் மேல்மாடியில் தனியாக இருந்த ஜெர்மன்காரரின் வீட்டில் இருப்பேன். ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். அதிகம் பேசமாட்டார், பிஸ்கட் தருவார், தொலைக்காட்சியை நிறுத்தமாட்டார். அது நவம்பர் மாதம். நாலு மணிக்கே ஜன்னல் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது திரையில் பெரிய மாமா இருந்தார்.

முதலில் அசையாமல் இருந்தார். எங்கள் சுவரில் இருந்த அதே படம். பிறகு படம் மாறியது, மாமா தலையைத் திருப்பினார். வாய் திறந்து சிரித்தார். அந்தப் பற்களை நான் அதுவரை கண்டதில்லை. பெரிய கூட்டத்துக்கு முன்னால் நின்று ஜெர்மனில் ஒரு வசனம் சொன்னார். உச்சரிப்பு அப்பாவுடையதைவிட மோசமாக இருந்தது. பிஸ்கட் என் வாயிலேயே ஊறிப்போனது.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமலா? அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்தவர். நான் இளைஞனாக இருந்தபோது இந்த நாட்டுக்கு வந்தார். கூட்டத்தில் நின்று பார்த்தேன்" என்றார் மேல்மாடிக்காரர். வழக்கத்துக்கு மாறாக அன்று அவர் நிறையப் பேசினார். அந்த ஜனாதிபதி யுத்தத்தில் படகு உடைந்தபோது காயம்பட்ட ஒருவனை இழுத்துக்கொண்டே நீந்திக் கரைசேர்த்தவராம். இங்கே எத்தனையோ தெருக்களுக்கும் பாலங்களுக்கும் அவருடைய பெயராம். அவர் போன அன்று தன் தாயார் ஜன்னலில் மெழுகுதிரி ஏற்றி வைத்தாராம்.

எனக்கு எல்லாம் பொருந்திவந்தது. பெரிய மாமா மன்னார்க் கடலில் வள்ளங்களைத் தாண்டி நீந்துவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவர் அமெரிக்கா போய் ஜனாதிபதி ஆகியிருக்கிறார். டொரொண்டோ மாமாவுக்கே போன் எடுக்க நேரமில்லாதபோது ஜனாதிபதிக்கு எங்கிருந்து நேரம் வரும்?

அதற்குள் மாமா திறந்த காரில் கையசைத்துக்கொண்டு போனார். திடீரென்று அவர் சரிந்தார், ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். பிறகு குதிரைகள் ஒரு பெட்டியை இழுத்துச் சென்றன. அதற்குப் பின்னால், யாரும் ஏறாத ஒரு கறுப்புக் குதிரை வந்தது. அதன் சேணத்தில் இரண்டு சப்பாத்துகள், குதிகால் முன்னுக்கு இருக்கும்படி மாட்டப்பட்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒருவர் அதில் திரும்பி உட்கார்ந்து, எங்களையே பார்த்துக்கொண்டு தூரப்போவதுபோல் இருந்தது. மேல்மாடிக்காரர் மூக்கைச் சிந்தினார்.

கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் ஓடினேன். அம்மா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, பெரிய மாமாவைச் சுட்டுப்போட்டாங்கள்."

அம்மாவின் கையிலிருந்த பை விழுந்தது. தோடம்பழங்கள் நடைவழியில் உருண்டன.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் பாத்தனான். மேல்வீட்டு டீவியில."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த கதவு வழியாகச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். முகத்தில் ஏதோ தெளிந்தது. 'அது வேறை ஆள்' என்று அவர் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"பிரேதத்தைக் குடுத்தவங்களோ?" என்று மிகத் தணிந்த குரலில் கேட்டார்.

"ஓம். பெட்டியில வைச்சு, குதிரை இழுத்துக்கொண்டு போனது."

"சனம் வந்ததோ?"

"கன சனம் அம்மா. றோட்டு முழுக்க. எல்லாரும் அழுதவை."

"எல்லாரும் அழுதவையோ..." என்றார் அம்மா. அதன் பிறகு அவர் அழுத சத்தம், நான் அதற்கு முன்பும் பின்பும் கேட்காத சத்தம். அப்பா வேலையால் வந்தபோது தோடம்பழங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. அம்மா அப்பாவிடம் ஒன்றுதான் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அண்ணையின்ரை பேரைக் குடுங்கோ. செத்த ஆக்களோடை." அப்பா குனிந்து தோடம்பழங்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

மன்னாரில் வீடு எரிந்தபோது மாமாவின் படங்கள் எல்லாம் அதோடு போய்விட்டன என்பதும், எசனில் ஒரு பழைய சாமான் சந்தையில் அந்தப் படத்தின் முன் அம்மா அசையாமல் நின்று, "அந்தச் சிரிப்பு அச்சு அண்ணையின்ரைதான்" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டதும் பல வருடங்கள் கழித்து அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாருடைய படம் என்று அன்றைக்கே இருவருக்கும் தெரியுமாம்.

மறுநாள் பின்னேரம் மேல்மாடிக்காரர் இறங்கி வந்தார். பிள்ளையைப் பார்க்கவிட்டிருக்கக் கூடாது, பயந்துவிட்டாளோ என்று கேட்கத்தான் வந்தார். பாதிப் பேச்சில் அவர் கண் சுவருக்குப் போனது. படத்தின் முன் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அவர் படத்தைப் பார்த்தார், அம்மாவின் வீங்கிய முகத்தைப் பார்த்தார்.

"என்னுடைய அண்ணன்" என்றார் அம்மா, தன் உடைந்த ஜெர்மனில்.

அவர் சிரிக்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அம்மாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, செத்த வீட்டில் இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் அந்தச் சொல்லைச் சொன்னார். வெகுநேரம் கையை விடவில்லை.

நான் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். பெரிய மாமாவை இவருக்கும் தெரிந்திருக்கிறது, இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.