டிக்கோயாவில் ஓரம் வெட்டிய படம்

தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டு, வளைந்த கத்தியைக் கையில் பிடித்தபடி ஒருவன் போகிற இடமெல்லாம் வந்து நின்றால், அவன் என்னை வெட்டிவிட்டுக் கேமராவைக் கொண்டுபோகத்தான் வருகிறான் என்று நம்பினேன். முட்டாள்தனம்தான். ஆனால் கேமரா என் மைத்துனருடையது. தொலைத்தால் அவர் கத்தியில்லாமலே என்னைக் கொன்றிருப்பார்.

ஐம்பதுகளின் நடுவே ஒரு பெப்ரவரி. கொழும்பில் ஓர் அச்சகத்தாருக்குக் காலண்டரில் போடத் தேயிலை மலைப் படம் வேண்டியிருந்தது. கோட்டையில் காலை ரயில் ஏறி, மத்தியானம் ஹட்டனில் இறங்கினேன். அங்கிருந்து டிக்கோயாவுக்கு பஸ், பதினைந்து சதம். பக்கத்தில் இருந்த முஸ்லிம் துணி வியாபாரி, மடியில் கிடந்த என் கேமரா முக்காலியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“காணி அளக்கவா?”

“இல்லை, படம் பிடிக்க.”

“தோட்டத்தில ரெண்டும் ஒண்டுதான் மாஸ்டர். ஆரும் நம்ப மாட்டாங்க.”

நான் சிரித்தேன்.

தோட்டத்துத் துரை அனுமதி தந்தார். பதிலுக்குப் பெரிய பிரதி ஒன்று பங்களாச் சுவருக்கு வேண்டுமாம். சரியென்று இரண்டு மைல் ஏறினேன். மலை மேல் மலையாகப் பச்சை புரண்டு கிடந்தது. கீழே ஓர் ஆறு. இரண்டு அட்டைகளைச் சட்டம்போலப் பிடித்து, எதை உள்ளே விடலாம், எதைத் தள்ளலாம் என்று பார்த்தேன். ஆறு இடது மூலையில் வந்தால் படம் நிற்கும். மூலையில் அவன் வந்து நின்றான்.

முக்காலியை வலப்புறம் நகர்த்தினேன். அவனும் நகர்ந்தான். மேலே ஏறினேன். சட்டத்துக்குள் மறுபடியும் சாக்கு, மறுபடியும் கத்தி. அவன் கிட்டே வந்துகொண்டே இருந்தான். கூலிக்காரனா, கொள்ளைக்காரனா, துரையே வைத்த ஒற்றனா? கேமராவைக் கட்டிக்கொண்டு ஒரு தேயிலைச் செடிக்குப் பின்னால் ஒளிந்தேன். செடி என் இடுப்பளவு, நான் ஆறடி. பயத்தில் எனக்குச் சிங்களம் வந்துவிட்டது.

“மொக்கத ஓனே?” என்று கத்தினேன், என்ன வேண்டுமென்று.

“தமிழ்லயே கேளுங்கய்யா. ஏன் குந்திக்கிட்டு இருக்கீங்க? அட்டை கடிக்கும்.”

பெயர் முத்தையா. கவ்வாத்து வெட்டுகிறவன், கத்தி தேயிலையின் தலையைக் கழிப்பதற்கு.

“அப்போ ஏனப்பா படத்துக்குள்ளே வந்து வந்து நிற்கிறாய்?”

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். “தொரைக்கு ஒரு படம் குடுப்பீங்களாம்ல? பங்களா சமையக்காரரு சொன்னாரு. நீங்க அளக்க வந்த ஆளுன்னு லயத்துல பேசிக்கிறாங்க.”

அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஆற்றோரம், தேயிலை முடிகிற இடத்தில், நாலு பாத்தி. உருளைக்கிழங்கு, போஞ்சி, லீக்ஸ். தோட்டத்து நிலத்தில் கேட்காமல் வெட்டிய பாத்திகள்.

“வேலைய மேற்பாக்குற கண்டாக்கையா கண்ணுல பட்டா புடுங்கி எறிஞ்சிருவாருங்க. கெழங்கு எடுக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. வீட்ல அஞ்சு பேரு.”

ஆகவே, என்னைக் கண்டு அவனுக்கு நடுக்கம். அவனைக் கண்டு எனக்கு. என் நடுக்கத்துக்குத்தான் சத்தம் அதிகம்.

அட்டைச் சட்டத்தை அவன் கையில் கொடுத்தேன். “முழுசா எடுத்தாலும் பிரதி போடும்போது இந்த ஓரத்தை வெட்டிவிடலாம். பாத்தி தெரியாது.”

ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். “படத்துக்கும் கவ்வாத்து உண்டுங்களா?”

“உண்டு.”

“மறந்துற மாட்டீங்களே?” நம்பாமல்தான் விலகினான். நான் படம் எடுக்கும்வரை கத்தியைக் கீழே வைக்கவில்லை.

கொழும்பில் வேறு வேலைகள் வந்து விழுந்தன. ஏப்ரலில்தான் பிரதி போட்டேன். ஆற்றோடு சேர்த்து இடது ஓரத்தைச் சுத்தமாக வெட்டினேன். படம் நொண்டியது, ஆனாலும் ஒரு குடும்பத்தையே காப்பாற்றிய பெருமிதத்தோடு அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். வழியில் எட்டிப் பார்த்தால் பாத்திகள் இருந்த இடத்தில் தேயிலை நாற்று.

லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், முத்தையா தேத்தண்ணி கொடுத்தான். அவன் மனைவி என் கைப்பையையே முறைத்தாள். “இந்தப் படத்தாலதானே?”

“அவரு இல்ல புள்ள,” என்றான் அவன்.

நடந்தது இதுதான். மார்ச் முதல் வாரத்தில், மழைத் தண்ணீர் வடியக் கான் வெட்டுகிற இடத்தைப் பார்க்கக் கண்டாக்கு அந்தப் பக்கம் நடந்து போனார். பாத்தியைக் கண்டார், ஆள் விட்டுப் பிடுங்கினார். கிழங்கு இன்னும் கோலிக்குண்டு அளவுதான். அப்போது என் படச்சுருள் கொழும்பில் கழுவப்படாமல் கேமராவுக்குள்ளேயே கிடந்தது.