சின்னாளபட்டிச் சுவரில் ஒரு கொடி

1986 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறே கால் மணிக்குத் திண்டுக்கல்லில் இறங்கினேன். முதல் நாள் மாலை சென்னை எழும்பூரில் ஏறிய ரயில். பையில் துணி குறைவு. பச்சை டிஸ்டெம்பர் டப்பாதான் கனம். அதோடு ஒரு ஸ்பாஞ்சு, பழைய எக்ஸ்ரே படத்தில் நான் கொடி வடிவம் வெட்டிய அச்சு.

என் மனைவி விமலா சின்னாளபட்டியில் ஆசிரியை. மாற்றலாகி ஏழு மாதம் ஆகிறது. ‘கண் விழித்தால் வெள்ளைச் சுவர். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதுபோல் இருக்கிறது’ என்று எழுதியிருந்தாள்.

பேருந்தில் பதினொரு கிலோமீட்டர், ஒரு ரூபாய் டிக்கெட். இடப்புறம் சிறுமலை கூடவே வந்தது. திராட்சைக் கூடையோடு பக்கத்தில் இருந்த பெரியவர் டப்பாவைப் பார்த்தார்.

“நெய்யா அப்பு?”

“சுவருக்கு அடிக்கிற பெயிண்டுங்க.”

“சொந்த வீடா?”

“வாடகை வீடு.”

“வாடகை வீட்டுக்கா இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வாரீக?”

டப்பாவை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கார அம்மா நாகம்மாள் பக்கத்துப் பகுதியில் கைத்தறி நெய்பவர். “ஆணி மட்டும் அடிச்சுராதீக தம்பி,” என்று சொல்லி, கோடு போடக் கொஞ்சம் தறிநூலும் கொடுத்தார். நூலில் சுண்ணக்கட்டிப் பொடி தடவிச் சுண்டினால் அந்த வெள்ளையில் தெரியவில்லை. காவி தடவினோம். விமலா அச்சை அழுத்திப் பிடிக்க, ஸ்பாஞ்சைப் பச்சையில் தோய்த்து நன்றாகப் பிழிந்து ஒற்றினேன். ஈரம் கூடினால் ஓரம் கசிந்துவிடும். அச்சை எடுத்ததும் முதல் கொடி இலையும் மொட்டுமாக நின்றது. அவள் அதைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். சுவரின் மறுபக்கம் தறி ஓடிக்கொண்டே இருந்தது.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் பாதிச் சுவர் நிறைந்திருந்தது.

“போதும். மிச்சத்த நான் போட்டுக்கிறேன்,” என்றாள் விமலா.

“சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாமே?”

“முடிச்சிட்டா அப்புறம் என்ன பண்றது? வாரம் ஒரு வரிசை போடுறேன். நீங்க மறுபடி வர்ற வரைக்கும் ஆகும்ல?”

நூல் பிடித்து அளந்து பார்த்தோம். ஆறு வரிசைக்கு இடம் இருந்தது. ஆறு வாரத்தில் வந்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். பேருந்து ஏறும்போது இருவர் விரலிடுக்கிலும் பச்சை. அதைப் பார்த்துச் சிரித்தோம். வண்டி நகர்ந்தபின் சிரிப்பு நிற்கவில்லை, கண்தான் கலங்கிவிட்டது.

சென்னையில் விடுப்பு கிடைக்கவில்லை. வாரந்தோறும் கடிதம் வந்தது. இரண்டாவது வரிசை கோணலாம். மூன்றாவதை நாகம்மாள் வந்து பிடித்தாராம். ஆறாவது கடிதத்தில் இரண்டே வரிகள்:

‘இந்த வாரம் போடவில்லை. இன்னும் ஒரு வரிசைக்குத்தான் இடம் இருக்கிறது.’