காய் உலர்த்தும் மெஷினும் கரண்டு பில்லும்

போட்ட காசு எப்போது திரும்பும்? எங்கள் மொட்டை மாடியில் சோலார் தகடுகள் ஏறிய நாளிலிருந்து போடியில் என்னை நிறுத்தி இதைக் கேட்காதவர்கள் குறைவு. பஸ் ஸ்டாண்டில் கேட்டார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகும் கேட்டார்கள். யார் வீட்டுக் காசு, யாருக்குக் கவலை பாருங்கள்.

போடிமெட்டுக்குக் கீழே சரிவில் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலக்காய்த் தோட்டம். பறித்த பச்சைக்காயை அங்கேயே ஸ்டோர் என்கிற உலர்த்தும் கட்டடத்தில் விறகு எரித்து உலர்த்துவோம். அடுப்பைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர். சூடு கூடினால் காயின் நிறம் போய்விடும் என்று வேறு எவரையும் கிட்டே சேர்க்க மாட்டார். வருசக்கணக்காகக் குடித்த புகை நெஞ்சில் தங்கிவிட்டது. நாலு வார்த்தை பேசினால் நின்று மூச்சு இழுப்பார். இனி புகைப் பக்கம் போனால் நான் பொறுப்பில்லை என்று தேனி டாக்டர் கையை விரித்துவிட்டார். இவரோ, "அப்ப தோட்டத்த வித்துரு. அடுத்தவன் வைக்கிற தீயில என் காயக் குடுக்க மாட்டேன்" என்றார். அவர் கையால் வைத்த செடிகள் அவை.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள்தான் வழி சொன்னாள். ஹீட் பம்ப் வைத்த உலர்த்தும் மெஷின். பீரோ மாதிரி இருக்கும், கரண்டில் ஓடும், விறகும் இல்லை, புகையும் இல்லை. தோட்டத்தில் மர நிழல், அங்கே தகடு வைத்தால் வெயில் படாது. மரத்தை வெட்டினால் ஏலச்செடி தாங்காது. அதனால் எல்லாம் போடி வீட்டில் இருக்கட்டும், காய் ஜீப்பில் இறங்கட்டும் என்றாள். பேட்டரி விலையைக் கேட்டதும் வேண்டாம் என்று விட்டோம். வெயில் இருக்கும்வரை தகடு, இருட்டினால் கம்பிக் கரண்டு. பாதிப் பணம் அவள் கொடுத்தாள். "அப்பாவுக்குத்தானம்மா" என்றாள், அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கிவிடும். விற்றவர் நாலைந்து வருசத்தில் முதல் திரும்பிவிடும் என்றார்.

முதல் பில்லைப் பார்த்ததும் பகீரென்றது. மழை மாசத்தில் தகடு கொஞ்சமாகத்தான் கொடுக்கும், தெரியும். அதற்காக இவ்வளவா? விற்றவரைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். இவர் முகத்திலோ ஒரு தெளிவு. "நான் அன்னைக்கே சொன்னேன்ல. மெஷினு சோலியெல்லாம் நமக்கு ஆகாது. நான் ஸ்டோருக்கே போறேன்" என்று விறகுக்கும் சொல்லிவிட்டார். பில்லைக் கட்டித் தொலைக்கலாம். இவர் மறுபடி அந்த அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன செய்வேன்?

அடுத்த லோடு வந்த அன்று, முறத்தோடு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இவர் வந்தார். மெஷின் கதவை அகலத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போனார். மறுபடி வந்து திறந்தார்.

"என்ன செய்றீங்க?"

"ஆவி போக வேணாமா? பூட்டியே வச்சா காய் வெந்து போகும்ல."

விறகு ஸ்டோரில் முதலில் ஜன்னலைத் திறந்துதான் ஆவியை விடுவார்கள். அந்தப் பழக்கம். சேர்த்த சூடெல்லாம் கதவு வழியாகப் போக, மெஷின் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கரண்டைக் குடித்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போனேன். ஒரு குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "காயில உள்ள ஈரமெல்லாம் இந்தா தண்ணியா வருது. அதுவே எடுத்துக்கிருது. நீங்க தொறக்க வேணாம்."

விரலை நனைத்து மோந்து பார்த்தார். ஏலக்காய் வாசம். "சரி, விறகு வேணாம்னு சொல்லிர்றேன்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த பில் பாதிதான். காயும் பச்சை மாறாமல் ஏல விற்பனைக்குப் போனது. காலையில் தகடுகளைத் துடைக்கப் போகும்போதெல்லாம் சூரியனுக்கு ஒரு கும்பிடு போடுகிறேன், மகளுக்கும் சேர்த்து. ஆனாலும் நாலைந்து வருசம் என்பது ஆறேழாகும் என்றுதான் என் கணக்கு.

போன வாரம் சிலமலையிலிருந்து இவருக்கு மாப்பிள்ளை முறையாகிறவர் வந்தார். "போட்ட காசு எப்ப வரும் மாப்ளே?" என்றார். இவர் ஆரம்பித்தார். விறகு விலை, வெட்டுக்கூலி, ஜீப் வாடகை, தகட்டுக்குக் கிடைத்த மானியம், மழை மாசத்துக்கு எவ்வளவு, வெயில் மாசத்துக்கு எவ்வளவு என்று அடுக்கிக்கொண்டே போய், மூணே வருசம் என்று முடித்தார். ஜீப் வாடகையைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தார். தப்புக் கணக்கை என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியாது. வாயைத் திறந்தேன். இவ்வளவு பேச்சுக்கும் இவர் நடுவில் ஒரு தடவைகூட நின்று மூச்சு இழுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"எனக்குப் புரியல," என்றேன். "முதல்ல இருந்து இன்னொரு தடவ சொல்லுங்க."